தங்கவயல் சாலையில் சோழரும் எரிமலையும்

ரோமுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் அங்குள்ள ஏஜென்டுகள் ஆசை காட்டி விற்கும் பயணம் ஒன்று உண்டு. காலையில் எட்டுப் பேரை ஒரு வேனில் ஏற்றுவார்கள். முதலில் ஒர்வியேட்டோ. எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையான குன்று, அதன் உச்சியில் ஒரு பழைய ஊர், ஊர் நடுவே 1290-ல் கட்டத் தொடங்கிய பேராலயம், அதற்குள் லூக்கா சிக்னொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய சுவரோவியங்கள். அடுத்து போல்சேனா ஏரி. எரிமலையின் வாய் சரிந்து பள்ளமாகி, அதில் தண்ணீர் தேங்கி உண்டானது. கலை, இடைக்கால ஊர், எரிமலை மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரோமுக்கே திரும்பிவிடலாம்.

பெங்களூர் விவேக் நகரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் டிராயிங் டீச்சர் இந்தப் பயணம் போய்வந்து படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். கூட உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஜியாலஜி பேராசிரியர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து முடித்தார்.

"இதுக்கு ஏம்மா அவ்வளவு தூரம்? ஓல்டு மெட்ராஸ் ரோட்டுல போனா மூணும் ஒரே நாள்ல கிடைக்கும். என்ன, நம்ம எரிமலை கொஞ்சம் பழசு."

"எவ்வளவு பழசு சார்?"

"அவங்களோடது மூணு லட்சம் வருஷம். நம்மது 270 கோடி."

அப்புறம் எப்படி வீட்டில் உட்கார முடியும்? ஆறு பேர் சேர்ந்தோம். வாடகை வண்டி சொன்னோம். வந்த டிரைவர் தம்பி ஈஜிபுராவில் குடியிருப்பவர். பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். அவர் அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். இதுவும் தற்செயல் என்று சொல்ல முடியாது. விவேக் நகர், ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கம் பத்துத் தமிழ்க் குடும்பத்தை விசாரித்தால் அதில் ஒன்றிரண்டுக்காவது தங்கவயலில் சொந்தம் இருக்கும்.

விவேக் நகரிலிருந்து எங்கே கிளம்புவதானாலும் வியாழக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அன்று குழந்தை இயேசு ஆலயத்துக்கு ஊரே திரண்டு வரும். மெழுகுவத்தி, பூ விற்கிறவர்கள், ஆட்டோக்கள், பஸ் இறங்கி நடப்பவர்கள் என்று தெருக்கள் அடைத்துக்கொள்ளும். நாங்கள் சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். தொம்மலூர், இந்திரா நகர், டின் ஃபேக்டரி, கே.ஆர். புரம் தாண்டி ஹொசகோட்டை வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. அதற்கப்பால் சாலையின் இருபுறமும் பாறைக்குன்றுகள். நரசாபுரத்தில் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை இறக்கும் பஸ்கள் வரிசை கட்டி நின்றன.

குவளாலத்துப் பிடாரி

பெங்களூரிலிருந்து கோலார் சுமார் 70 கிலோமீட்டர். இன்றைக்குத் தக்காளி மண்டிக்கும் பாலுக்கும் பெயர்போன மாவட்டத் தலைநகர். பழைய பெயர் குவளாலம். மேலைக் கங்கர்கள் தலக்காட்டுக்குப் போவதற்கு முன் இதுதான் அவர்கள் தலைநகர். ஊரை விட்டுப்போன பிறகும் 'குவளாலபுரத்தின் தலைவன்' என்ற பட்டத்தை அவர்கள் விடவில்லை. 1004 வாக்கில் சோழர் கங்கநாட்டைப் பிடித்தார்கள். இந்தப் பகுதிக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஹொய்சளர் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டை மீட்கும் வரை, நூறு வருடத்துக்கும் சற்று மேலாக, இங்கே அரசாங்க மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தது.

அதற்கு அத்தாட்சி கோலாரம்மா கோயில். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பிரமிப்பு எதுவும் இல்லை. உயரமில்லாத கட்டடம், உள்ளே போகப் போகத்தான் விஷயம். தெற்கும் கிழக்குமாக மடங்கிய மண்டபத்தில் இரண்டு சந்நிதிகள். ஒன்றில் கோலாரம்மா, இன்னொன்றில் செல்லம்மா. 'சேளு' என்றால் கன்னடத்தில் தேள். செல்லம்மா தேள்களுக்கு அதிபதி. அவளைக் கும்பிட்டவர்களைத் தேள் கொட்டாது என்பது ஊர் நம்பிக்கை. தரையில் ஒரு துளை இருக்கிறது, அதுதான் உண்டியல். காசு போட்டால் உள்ளே விழும் சத்தம் கேட்கிறது. எங்கள் கூட்டத்தில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா, தேள் விஷயத்தில் எதற்கு வம்பு என்று இரண்டு தடவை போட்டார்.

சப்தமாதர்களின் பெரிய உருவங்கள் இங்கே உண்டு. ஒரு பலகைக் கல்லில் யானையும் குதிரையும் வில்லாளிகளும் மோதிக்கொள்ளும் போர்க்காட்சி. ராஜேந்திர சோழனின் படையெடுப்பு என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். டீச்சர் அதன் முன் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். "ஒரு இஞ்ச் இடம் சும்மா விடலை பாருங்க. விழுந்தவன் மேலேயே அடுத்தவன் நிக்கிறான். ஆனா எந்தக் கை யாரோடதுன்னு குழப்பமே இல்லை" என்றார். நெரிசலைக் காட்டுவதும் குழப்பத்தைத் தவிர்ப்பதும் ஒரே உளியில் நடந்திருக்கிறது.

எனக்கு அதைவிடச் சுவரிலும் அடித்தளத்திலும் ஓடும் எழுத்துகளில்தான் கண். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள். பழக்கமில்லாத கண்ணுக்கு முதலில் கீறலாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் 'ன', 'ட', 'க' என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். இவற்றில் அம்மனின் பெயர் பிடாரியார். குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தக் கோயிலின் வரவு செலவை அக்கறையாகப் பதிந்து வைத்திருக்கிறது. பூசைக்கு எவ்வளவு, பூசை செய்பவருக்கு எவ்வளவு, வியாகரணம் சொல்லிக் கொடுப்பவருக்கு எவ்வளவு என்று படி அளந்த கணக்கு. போரில் வென்ற ராஜாவின் பெருமை நாலு வரி என்றால் நெல் கணக்கு அதைவிட நீளம்.

இதைச் சொன்னதும் டிரைவர் தம்பி கேட்டார்: "வேலை செஞ்சவங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு கல்லுலயே வெட்டிட்டாங்களா சார்?" ஆமாம் என்றேன். அவர் மறுபடியும் ஒரு தடவை போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

கோலாரம்மா கோயிலுக்குப் பக்கத்திலேயே சோமேஸ்வரர் கோயில். இது 14-ஆம் நூற்றாண்டு, விஜயநகரக் கட்டடம். சோழர் கோயில் உட்குவிந்து இருட்டாக இருந்ததென்றால், இது நிமிர்ந்து நிற்கிறது. உயர்ந்த கோபுரம், அகலமான முற்றம், மூலையில் கல்யாண மண்டபம். அந்த மண்டபத் தூண்களுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பாயும் யாளி, அதன் மேல் ஆள், கீழே இன்னொரு மிருகம் என்று ஒரே கல்லில் அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. வாசலில் நீலப் பலகை. சேதப்படுத்தினால் தண்டனை என்று கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது.

ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டையும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1782-ல் சித்தூர் அருகே அவர் இறந்தபோது உடலை முதலில் கோலாருக்குக் கொண்டுவந்து, பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டினம் கொண்டுபோனார்கள். அவர் தந்தையின் சமாதி கோலாரில் உண்டு. ஒரு நாள் பயணத்தில் எல்லாம் அடங்காது என்று அதை விட்டுவிட்டுச் சாலையைப் பிடித்தோம்.

தோசையும் பிள்ளையாரும்

கோலாருக்குக் கிழக்கே 30 கிலோமீட்டரில் முளபாகல். 1768-ல் முதல் மைசூர்ப் போரில் ஹைதரும் கம்பெனிப் படையும் மோதிய இடம். ஆனால் பெங்களூர்க்காரர்களுக்கு முளபாகல் என்றால் தோசை. தடியாக வார்த்து, மேலே காரச் சட்னி பூசி, நெய்யைத் தாராளமாக விட்டு, திருப்பிப் போடாமல் எடுப்பார்கள். அடிப்பக்கம் மொறுமொறு, உள்ளே மெத்து. பெங்களூரில் இந்தப் பெயர்ப் பலகையோடு எத்தனையோ கடைகள் இருக்கின்றன. இங்கே சாப்பிட்டபின் அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நாகரிகம்.

முளபாகலிலிருந்து உள்ளே திரும்பினால் குருடுமலை. கோயிலுக்குள் ஒரே கல்லில் நாலு மீட்டர் உயரப் பிள்ளையார். கருங்கல்லில் எண்ணெய் ஏறி மினுக்கும் அந்த வயிற்றுக்கு முன்னால் நிற்கும்போது யாருமே சத்தமாகப் பேசுவதில்லை. கர்நாடக அரசியல்வாதிகள் பலர் தேர்தல் பிரசாரத்தை இங்கே பூசை போட்டுத் தொடங்குவது வழக்கம். கொஞ்சம் தள்ளி இருக்கும் சோமேஸ்வரர் கோயில் சோழர் பாணி. சிற்பி ஜகணாச்சாரி பாதியும் அவர் மகன் டங்கணன் பாதியும் கட்டியதாகக் கதை. அப்பன் வேலை எது, பிள்ளை வேலை எது என்று டீச்சரும் பேராசிரியரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். நாங்கள் நிழலில் உட்கார்ந்து கேட்டோம்.

ஒரு சாமியார், ஐம்பது கோயில்

ஆவணிக்கு மதியத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். பாறை மலை ஒன்றின் அடிவாரத்தில் சின்ன ஊர். ராமாயணத்தில் வால்மீகி ஆசிரமம் இங்கேதான் இருந்தது, சீதை லவ குசர்களைப் பெற்றது இந்த மலையில்தான் என்பது நம்பிக்கை. மலைமேல் சீதைக்கும் பார்வதிக்கும் கோயில் இருக்கிறது. குழந்தை வேண்டி ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு.

அடிவாரத்தில் ராமலிங்கேஸ்வரர் கோயில் வளாகம். ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்கனன் பெயரில் தனித்தனிச் சிவன் கோயில்கள், கூடவே வாலிக்கும் சுக்ரீவனுக்கும்கூட ஒவ்வொன்று. சண்டை போட்ட அண்ணன் தம்பிக்கும் ஒரே மதிலுக்குள் இடம் கொடுத்த ஊர். பெரும்பாலும் பத்தாம் நூற்றாண்டில் நுளம்ப அரசர்கள் காலத்துக் கட்டடங்கள். பிறகு சோழர் கைபட்டவை.

இவற்றில் லட்சுமணேஸ்வரர் கோயில்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. சுவரில் அரைத்தூண்களுக்கு இடையில் உருவங்கள், அடித்தளத்தில் யானைகளும் யாளிகளும். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் உமாமகேஸ்வரர், அவரைச் சுற்றி எட்டுத் திக்குப் பாலகர்கள். அத்தனை பேரும் அவரவர் வாகனத்தில் அவரவர் திசையில். கல் விதானத்தை ஓவியத் திரையாக நினைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். டீச்சர் தரையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டுதான் வரைந்தார். "இத்தாலியில் இதற்கு டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றேன்" என்றார்.

அதே கோயில் சுவரில் தாடியும் சடையுமாக ஒரு துறவியின் உருவம். ஆவணியின் கல்வெட்டுகள் பேசும் திரிபுவனகர்த்தா இவர்தான் என்று கருதுகிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் நாற்பது வருடம் இந்தத் தலத்தை ஆண்டவர் அவர். ஐம்பது கோயில்களும் இரண்டு பெரிய ஏரிகளும் கட்டியவர் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏரியைக் கோயிலோடு சேர்த்து எண்ணியதைக் கவனிக்க வேண்டும். ஆறு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத கோலார் மாவட்டம் ஏரிகளால்தான் பிழைத்தது.

இருக்கும் ஆறுகளில் ஒன்று நமக்குத் தெரிந்த ஆறுதான். ஆவணியிலிருந்து தங்கவயல் போகும் வழியில் பேத்தமங்கலம் ஏரியைக் கடந்தோம். நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் பாலாற்றுத் தண்ணீர் இங்கே தேங்குகிறது. இதிலிருந்துதான் சுரங்க நகரத்துக்குக் குடிதண்ணீர் போனது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மணலாக மட்டும் பார்த்த ஆற்றை இங்கே தண்ணீராகப் பார்க்கலாம்.

எரிமலை எங்கே?

"எரிமலை எங்கே சார்?" என்று அக்கா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனசில் இருந்தது உச்சியில் புகை விடும் கூம்பு. பெத்தப்பள்ளி அருகே வண்டியை நிறுத்தி, பேராசிரியர் காட்டியது தரையோடு கிடந்த பாறைகள். வேலி, பலகை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்த இடங்களில் இது ஒன்று. பெங்களூர் லால்பாக் பாறையும் அந்தப் பட்டியலில் உள்ளதுதான்.

குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். சாம்பலும் பச்சையும் கலந்த கறுத்த பாறை. அதற்குள் வெளிறிய கல் துண்டுகள் பதிந்து கிடக்கின்றன. சில விரல் நகம் அளவு, சில இளநீர் அளவு, சில அதைவிடப் பெரிசு. சிலதுக்கு முனை மழுங்கியிருக்கிறது, சிலது உடைத்த கோணத்திலேயே இருக்கிறது. மொத்தத்தில் கடலை மிட்டாயைப் பக்கவாட்டில் உடைத்துப் பார்த்த தோற்றம்.

பேராசிரியர் வெளிறிய துண்டொன்றில் விரலை வைத்தார். "இது கிரானைட் வகை. எரிமலை வெடிச்சு மேல வர்றப்ப, வழியில இருந்த பழைய பாறையைப் பேத்து எடுத்துக்கிட்டு வந்திருக்கு. இந்தக் கறுப்பு, கூட வந்த சாம்பலும் குழம்பும். ரெண்டும் சேர்ந்து விழுந்து இறுகிடுச்சு. அப்போ இந்தத் துண்டு எரிமலையைவிட வயசுல மூத்தது."

இதே பட்டையில் தலையணை லாவாவும் உண்டு. கடலுக்கடியில் எரிமலைக் குழம்பு வெளியே வந்தால் தண்ணீர் பட்டதும் மேல்தோல் இறுகிவிடும்; உள்ளே இருப்பது பிதுங்கி அடுத்த உருண்டையாகும். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருண்டைகள்தான் தலையணை லாவா. ஆக, இந்த வறண்ட மேட்டு நிலத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது. அன்றைக்குப் பூமியில் மரம் இல்லை, புல் இல்லை, மீன்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்.

கூம்பு ஏன் இல்லை? 270 கோடி ஆண்டுக் காற்றும் மழையும் எந்தக் கூம்பையும் விட்டுவைக்காது. அதோடு, அந்த எரிமலைப் பாறைகள் பூமிக்குள் புதைந்து, அழுந்தி, வெந்து, மடிந்து, வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமான ஒரு பட்டையாகிவிட்டன. இரண்டு பக்கமும் கிரானைட்டும் நைஸ் பாறையும், நடுவே இந்தக் கறுத்த பட்டை. இதற்குக் கோலார்ப் பட்டை என்று பெயர். புதைந்த காலத்தில் ஆழத்திலிருந்து கிளம்பிய வெந்நீர் பாறை வெடிப்புகள் வழியாக ஏறியது. போகும் வழியில் கரைத்து எடுத்துக்கொண்ட தங்கத்தை, வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லோடு வெடிப்பில் விட்டுவிட்டுப் போனது. அந்தக் குவார்ட்ஸ் நரம்புகளில் பெயர்பெற்றது சாம்பியன் ரீஃப்.

"அதான் எங்க ஊர் பேரு" என்றார் டிரைவர் தம்பி. அதற்குப் பிறகு வண்டியில் அவர்தான் பேசினார், நாங்கள் கேட்டோம்.

தாத்தா இறங்கிய குழி

1802-ல் லெப்டினென்ட் ஜான் வாரன் இங்கே நில அளவைக்கு வந்தபோது உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எழுதி வைத்தார். 1870-களில் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார், பணம் போதவில்லை. 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் தங்கம் கொட்ட ஆரம்பித்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905-ல்தான்.

கம்பெனி லண்டனுடையது. மேலே இருந்த பங்களாக்கள் இங்கிலாந்து மாதிரி என்று ஊருக்கே 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கத்து ஆட்கள். அதிகமும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிடப் பாதாளத்துக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள். 'தங்கலான்' படம் பார்த்தவர்களுக்குக் கதை கொஞ்சம் தெரியும். படத்தில் இல்லாதது அதற்குப் பிறகான நூறு வருடம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். மேலே இருக்கும் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். நூல்களில் இதற்குப் பாறை வெடிப்பு என்று பெயர். தங்கவயல் ஜனங்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். "ராத்திரி ஏர் பிளாஸ்ட் ஆச்சின்னா வீட்ல சட்டி பானையெல்லாம் ஆடும் சார். எங்க பாட்டி உடனே எழுந்து யார் யார் ராத்திரி ஷிஃப்ட்டுன்னு எண்ணுவாங்க" என்றார் டிரைவர் தம்பி.

சுரங்கத்தின் ஆழம் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. மண்ணுக்கு மேல் வேறு துகள்களின் இரைச்சலில் அகப்படாத நியூட்ரினோவை, பாறை மூடிய இந்த ஆழத்தில் தேடினார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ 1965-ல் உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று இந்தக் கோலார்ச் சுரங்கம். டாட்டா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தது.

தமிழ் படிக்கிறவர்களுக்குத் தங்கவயல் வேறொரு வகையிலும் முக்கியம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய ஊர்களில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் உண்டு. 1914-ல் பண்டிதர் மறைந்தபின் அவரது 'தமிழன்' இதழை 1926-ல் மறுபடி தொடங்கி நடத்தியவர் இந்த ஊரின் ஜி. அப்பாதுரையார். நாளெல்லாம் குழிக்குள் இருந்தவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள், சங்கம் வைத்தார்கள், நாடகம் போட்டார்கள். 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். நாங்கள் குற்றவாளிகளா என்பதுதான் அவர்கள் கேட்டது.

120 வருடத்தில் எடுத்த தங்கம் 800 டன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள்.

நாங்கள் போனபோது ஷாஃப்ட்டுகளின் இரும்புக் கோபுரங்கள் வெகுதூரத்திலிருந்தே தெரிந்தன. கிட்டே போக அனுமதி இல்லை. ஊரைச் சுற்றி வெளிர்நிற மண்மேடுகள், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு. சயனைடு மேடு என்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து வருகிறவனுக்கு இவைதான் எரிமலையாகத் தெரியும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வந்து படிவதைப் பற்றி சொல்லிக்கொண்டே டிரைவர் தம்பியின் அத்தை தண்ணீர்ச் செம்பைத் தட்டால் மூடிவைத்தார்.

அத்தை வீடு லைன் வீடு. நீண்ட வரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல். ஆரம்ப காலத்தில் மூங்கில் தட்டியால் மறைத்த குடிசைகளாக இருந்தவை இவை. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பெயர், ஒரு கோயில் அல்லது ஒரு சர்ச், ஒரு பந்தாட்டக் கூட்டம். சுவரில் காலமான மாமாவின் படம், பக்கத்தில் அம்பேத்கர், அதற்கும் பக்கத்தில் விவேக் நகர் குழந்தை இயேசு. அத்தையின் இரண்டு பிள்ளைகளும் பெங்களூரில் வேலை. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் போய் ராத்திரி திரும்புகிறார்கள். தாத்தா தலைமுறை பாதாளத்துக்கு ஷிஃப்ட் போனது, பேரன் தலைமுறை தண்டவாளத்தில் ஷிஃப்ட் போகிறது.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது டிரைவர் தம்பி காலையில் பார்த்த சுவருக்குத் திரும்பினார். "அந்தக் கோயில்ல நெல் வாங்கினவங்க கணக்கு ஆயிரம் வருஷமா இருக்கு. எங்க தாத்தாவுக்கு வேலையில ஒரு நம்பர் பில்லை குடுத்திருந்தாங்க. பில்லை போயிடுச்சி. பேரு எந்த எடத்துலயும் எழுதல."

அன்று நாங்கள் பார்த்தவற்றில் சோழர் கோயிலுக்கு நீலப் பலகை உண்டு. விஜயநகரக் கோயிலுக்கும் நுளம்பர் கோயிலுக்கும் உண்டு. எரிமலைப் பாறைக்கு வேலியே போட்டிருக்கிறார்கள். எல்லாம் நியாயம்தான். அந்தக் கல்லில் தங்கம் இருக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களின் லைன்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கல் பழசானால் நினைவுச்சின்னம், ராஜா கட்டினால் நினைவுச்சின்னம், கூலிக்காரன் குடியிருந்தால் அது வெறும் குடியிருப்பு. கோலார் மண்ணில் தமிழ் இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை படையோடு வந்தது, இரண்டாம் தடவை கடப்பாரையோடு. முதலில் வந்த தமிழைப் படிக்கக் கல்வெட்டறிஞர் வேண்டும். இரண்டாவதைக் கேட்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதற்குக்கூட யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

திரும்பும்போது பேத்தமங்கலம் பக்கம் புதிய சென்னை விரைவுச் சாலையைப் பிடித்தால் ஹொசகோட்டை வரை சிக்கல் இல்லை. இரு சக்கர வண்டிகளுக்கு அதில் அனுமதி கிடையாது. நேரம் குறைவு என்றால் குருடுமலையை விடலாம், ஆவணியை விடக்கூடாது. கோலாரம்மா கோயிலுக்கு டார்ச் கொண்டுபோனால் எழுத்து தெரியும். பெத்தப்பள்ளியில் நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். அங்கே ஒரு துண்டைக்கூடப் பெயர்த்து எடுக்கக் கூடாது. கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரரையும் சேர்க்கச் சொல்வார்கள். 108 அடி லிங்கம், கூட்டம் அதிகம், பாதி நாள் போய்விடும். அந்த நேரத்தைத் தங்கவயல் லைன்களுக்குக் கொடுப்பது உத்தமம்.

முக்கியமாக, வண்டியில் ஒரு இடத்தைத் தங்கவயலில் பிறந்த ஒருவருக்காக ஒதுக்குங்கள். விவேக் நகரில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. அரசாங்கம் பலகை நடும்வரை அந்த ஊருக்கு அவர்கள்தான் பலகை.